ராகு காலத்தில் வைத்த முத்திரை

நீங்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல முடியுமா? வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வாடகை வீட்டிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வந்தீர்களே, அதில் ஒரு வரியாவது நினைவிருக்கிறதா? நாலு எழுத்துப் படித்த உங்கள் கதியே இதுவென்றால், எழுத்தே அறியாத ஒருத்தியின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்துகிறவனுக்கு எவ்வளவு துணிச்சல் வரும்?

திருப்பூரில் சாமியாத்தாள் தன்னிடம் வருகிற எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பார். பனியனுக்கு லேபிள் விற்கும் கடை ஒன்றின் மாடியில் அவருடைய அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பெஞ்சு, எதிர்மூலையில் டைப்பிஸ்ட் தௌபிக்கின் கம்ப்யூட்டர். வெளியே 'சாமியாத்தாள், வழக்கறிஞர், நோட்டரி பப்ளிக்' என்று ஒரு பலகை. கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத அம்மாளுக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததை வைத்து வக்கீல்கள் கேலி பேசுவார்கள். "பேரு எங்கப்பன் வெச்சதுங்க. புத்தி நானா வெச்சுக்கிட்டது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

நோட்டரியின் வேலை என்ன? அரசு ஒரு வட்ட முத்திரையைக் கையில் கொடுத்து, ஒரு பதிவேட்டையும் கொடுக்கிறது. ரேஷன் கார்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயரும் இருப்பவர் வந்து, இரண்டும் நான்தான் என்று உறுதி சொல்வார். பாஸ்புக்கைத் தொலைத்தவர் வருவார். வெளிநாடு போகிற பனியன் முதலாளி, தம்பிக்குப் பவர் எழுதிக்கொடுக்க வருவார். நகலை அசலோடு ஒப்பிட வேண்டும். உறுதிமொழி எடுக்க வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போடுகிற ஆள் நேரில் நிற்க வேண்டும், எழுதியதை அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் முத்திரை. சட்டம் கேட்பது இவ்வளவுதான். ஆனால் ஏற்றுமதி ஆர்டரை இரவோடு இரவாக முடித்து லாரி ஏற்றிப் பழகிய ஊர் இது. காகிதத்தையும் டஜன் கணக்கில் கட்டி வந்து, "சீல் போட்டு வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறோம்" என்பார்கள். போட்டு வைப்பவர்களும் இருந்தார்கள். சாமியாத்தாள் போடமாட்டார். "ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்ற மூன்று சொல்லால் அவர் இழந்த வாடிக்கையாளர்கள் ஏராளம்.

இழந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாமியாத்தாள் குண்டடத்துக்காரர். கல்யாணமாகி மூன்றாம் வருடம் தாராபுரம் ரோட்டில் லாரி மோதிக் கணவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நல்ல காரியம் நடக்கும் வீட்டில் எதிரே வராதே என்றார்கள். வரவில்லை. ஊரெல்லாம் முகூர்த்தத்துக்குப் போன நாட்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து படித்தார், பிறகு கோவைக்குப் போய்ச் சட்டம் படித்தார். நோட்டரி ஆன பிறகும் ஊராரின் அந்தச் சகுன வியாதி அவரைத் துரத்தியது. புதுக் கம்பெனி தொடங்கும் பங்காளிகள் பத்திரத்தோடு படியேறி வருவார்கள். வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பார்கள். "ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றோமுங்க" என்று இறங்கிப் போவார்கள். அந்த டீயை அவர்கள் குடித்து முடித்ததே இல்லை. நல்ல காரியத்துக் காகிதம் எல்லாம் பக்கத்துத் தெரு நோட்டரிக்குப் போகும். சாவு, சண்டை, தொலைந்தது, உடைந்தது எல்லாம் இந்த மாடிக்கு வரும்.

"கெட்டதுக்கெல்லாம் நம்ம கடைதான் பேமஸுங்கம்மா" என்பார் தௌபிக்.

"கெட்டது நடந்தவனுக்குத்தான் தௌபிக் சரியான பேப்பர் வேணும்" என்பார் அவர்.

அப்படித்தான் 2006ஆம் வருடம் சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் செல்வக்குமார் படியேறி வந்தான். பல்லடம் பக்கம் உள்ள ஒரு நூற்பாலைக்குத் தெற்குச் சீமையிலிருந்து பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏஜென்ட் அவன். மூன்று வருட ஒப்பந்தம், விடுதியில் சோறு, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டி, மழை பொய்த்த ஊர்களில் சின்னப் பிள்ளைகளை வண்டியேற்றுவது அவன் தொழில். இதற்குத் திட்டம் என்று பெயர் வைத்து, மங்கலமான அடைமொழியும் சேர்த்திருந்தார்கள். கொத்தடிமைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தால் அது கொத்தடிமை இல்லை என்று ஆகிவிடுமா?

அவனுக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சாயி. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, உட்காராமல் சுவரை ஒட்டி நின்றாள்.

"வணக்கமுங்கம்மா. ஒரு சின்ன அஃபிடவிட்டுங்க. இந்தம்மா புள்ளைக்குக் கையில அடி. எல்லாம் ரெடியா டைப் அடிச்சாச்சுங்க. பெருவிரல் ரேகை வெச்சுட்டா நீங்க சீல் போட்டாப் போதுமுங்க. பத்தரைக்குள்ள முடிச்சுட்டமுன்னா நல்லதுங்க. இன்னைக்கு வெள்ளிக்கெழம பாருங்க" என்றான் செல்வக்குமார்.

"பத்தரைக்கு என்ன?"

"ராகு காலமுங்க. எங்க மொதலாளி அதுல ரொம்பக் கறாருங்க. ராகு காலத்துல மில்லுல ஒரு பேப்பர் நகராதுங்க."

சாமியாத்தாள் காகிதத்தை வாங்கினார். இரண்டு பக்கம், நெருக்கமான ஆங்கிலம். கடைசியில் நோட்டரி கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே வழக்கமான வரி: 'மேற்கண்டவை இவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, என் முன்னிலையில் ரேகை வைத்தார்.'

"வாசிச்சுக் காட்டீட்டீங்களா?"

"அதெல்லாம் வேன்லயே சொல்லியாச்சுங்க."

"புள்ளையைப் பத்தின காயிதம். புள்ளை எங்க?"

"கீழ வேன்ல படுத்திருக்குதுங்க. காச்சலுங்க. மேல ஏற முடியாதுங்க."

"அப்ப நான் கீழ எறங்கி வர்றேன்."

ரோட்டோரத்தில் நாலு பேர் பார்க்க ஒரு நோட்டரி வேனுக்குள் குனிந்து நிற்பதை அவன் விரும்பவில்லை. ஒச்சாயியோடு தானே போய்க் கூட்டிவந்தான். மகள் முத்துப்பேச்சி தாயின் தோளில் சாய்ந்து படியேறி வந்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. கட்டின் நுனியில் மஞ்சளாக நீர் கசிந்திருந்தது. தௌபிக் மின்விசிறியைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வைத்தார்.

அதற்குள் சுவர்க் கடிகாரத்தில் முள் பத்தரையை நெருங்கிவிட்டது. செல்வக்குமார் தன் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்து உச்சுக்கொட்டினான்.

"டைம் போச்சுங்களே. இனி பன்னெண்டு மணிக்கு மேலதானுங்க. இவங்க இங்கயே இருக்கட்டுமுங்களா? வெயில்ல வேன்ல உக்கார முடியாதுங்க. நான் பேக்கரி வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க."

"தாராளமா இருக்கட்டும்" என்றார் சாமியாத்தாள்.

அவன் எதற்கும் அஞ்சவில்லை. ராகு காலத்தில் எந்தக் காகிதத்திலும் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்பது அவனுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல நிச்சயம். காவலுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தையே நிறுத்திவைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

சாமியாத்தாள் காகிதத்தோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "அம்மா, உங்க பேரு ஒச்சாயிதானுங்களே? இதுல எழுதியிருக்கறதை ஒவ்வொண்ணாத் தமிழ்ல சொல்றேன். சரின்னா சரிங்க. இல்லைன்னா இல்லைங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்கென்ன தெரியும் தாயி. ஆப்பரேசனுக்குக் காயிதம்னு சொன்னாக. கை வச்சாத்தேன் கோயமுத்தூரு பெரியாஸ்பத்திரில சேப்பாகளாம். மூணு நாளைக்குள்ள செய்யலைன்னா கையவே எடுக்கணும்னு மில்லு டாக்டரு சொல்லிப்புட்டாரு."

"சரி, பார்க்கலாம். 'என் மகள் முத்துப்பேச்சிக்கு வயது பத்தொன்பது.'"

ஒச்சாயி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "பத்தொம்பதா? இவ அண்ணனுக்கே இப்பத்தேன் பதினெட்டு."

தௌபிக் கீபோர்டைப் பார்த்தபடி, "மில்லுக்குப் போனா வயசு சீக்கிரம் ஏறுமாட்ட இருக்குதுங்க" என்றார்.

"பதினாறு" என்றாள் முத்துப்பேச்சி. அதுதான் அவள் பேசிய முதல் சொல்.

"'பங்குனித் திருவிழாவுக்காக விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் மகள், எங்கள் வீட்டில் மாவு ஆட்டும்போது கிரைண்டரில் கைவிட்டதால் காயம் ஏற்பட்டது.'"

முத்துப்பேச்சி சிரித்தாள். காய்ச்சலில் உலர்ந்த உதடு வெடிக்கச் சிரித்தாள்.

"கிரைண்டரா? எங்க வீட்ல கரெண்டே கிடையாதும்மா."

"திருவிழாவுக்கு விடுங்கன்னு நாங்கூட வந்து கேட்டேன். வாசக்கதவு தாண்டி விடல. புள்ளயக் கண்ணுல காட்டல" என்றாள் ஒச்சாயி.

"அப்ப கை எங்க போச்சு கண்ணு?" என்று சாமியாத்தாள் கேட்டார்.

பிள்ளை சொன்னாள். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின். உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டது. நிறுத்திவிட்டு எடுக்கிறேன் என்று சொன்னதற்கு, நிறுத்தினால் உற்பத்தி குறையும், ஓட ஓடவே எடு என்றார் சூப்பர்வைசர். எடுத்தாள். மெஷின் அவள் கையையும் பஞ்சு என்றே எண்ணியது. விடுதி அறையில் படுக்க வைத்து, ஆலைக்கு வேண்டிய டாக்டர் ஒருவரை வரவழைத்துக் கட்டுப் போட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும், இவ்வளவு சின்னப் பிள்ளையை யார் மெஷினில் விட்டது என்று கேள்வி வரும். அதனால் கொண்டுபோகவில்லை. கை அழுகட்டும், ஆவணம் சுத்தமாக இருக்கட்டும். ஆயுத பூசையன்று அந்த மெஷினுக்குச் சந்தனம் தெளித்துப் பூச்சூட்டிக் கும்பிட்ட கைகள்தான் இதைச் செய்தன.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்கம்மா" என்றார் சாமியாத்தாள். "கடைசிப் பாரா. 'என் மகளை இன்றே வேலையிலிருந்து விலக்கி ஊருக்கு அழைத்துச் செல்கிறேன். இந்தக் காயத்துக்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை. இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்.' அவ்வளவுதான். முடிஞ்சுது."

ஒச்சாயி காத்திருந்தாள். "ஆப்பரேசன் எங்கன தாயி வருது?"

"வரலீங்க. ரெண்டு பக்கமும் படிச்சுட்டேன். ஆப்பரேசன்னு ஒரு வார்த்தை இதுல இல்லை."

ஒச்சாயி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். வேனில் இவ்வளவு தூரம் அவள் பற்றிக்கொண்டு வந்தது அந்த ஒரு சொல்லைத்தான். இந்தக் காகிதத்தில் கைவைத்தால் மகளின் கை பிழைக்கும் என்று நம்பினாள். வைத்தால்தான் அந்தக் கை போகும்.

"இப்ப என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

சாமியாத்தாளுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். முத்திரை வைத்திருப்பவர் வாக்குமூலத்தைச் சொல்லித் தரக்கூடாது. இவளுக்காகப் பொய்யை எழுதியவனுக்கும் இவளுக்காக உண்மையை எழுதுகிறவருக்கும் அப்புறம் வித்தியாசம் இல்லாமல் போகும்.

"நான் சொல்லித் தர மாட்டேங்க. இந்தக் காயிதத்துல நான் முத்திரை வைக்கமாட்டேன். அது என் கையில இருக்கறது. பொய்யின்னு தெரிஞ்சும் வெச்சா, 'வாசிச்சுக் காட்டினேன், சரின்னு சொன்னாங்க'ங்கற வரி என்னோட பொய்யி. நீங்க உங்க வாயால நடந்ததைச் சொன்னா, சொன்னபடி தௌபிக் அடிப்பார், நான் வாசிச்சுக் காட்டுவேன், சரியா இருந்தா ரேகை வைக்கலாம். அதோட போனா அரசாங்க ஆஸ்பத்திரில, மில்லுல அடிபட்டதுன்னே எழுதிச் சேத்துக்குவாங்க. இல்லை, எதுவும் வேண்டாம், ஊருக்குப் போறேன்னாலும் போகலாம்."

"பெரிய எடம் தாயி. எங்க ஊருப் புள்ளைக இன்னமும் உள்ள இருக்குதுக."

"ஆமாங்க. அதையும் யோசிச்சுத்தான் சொல்லணும்."

விசிறி சுற்றியது. கீழே சாலையில் துணி ரோல் ஏற்றிய வண்டிகள் ஒலியெழுப்பிப் போயின. ஒச்சாயி மகளின் கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் வாடை அவளுக்கு எட்டியிருக்க வேண்டும்.

"சொல்றேன்" என்றாள். உடனே தயங்கினாள். "ஆனா இப்ப ராகு காலமாமே. கெட்ட நேரத்துல கைநாட்டு வைக்கலாமா?"

சாமியாத்தாள் வாயைத் திறக்குமுன் முத்துப்பேச்சி சொன்னாள்: "கை மாட்டுன அன்னைக்கும் நல்ல நேரம் பாத்து, சூடம் காட்டித்தேன் மெஷின ஓட்டிவிட்டாகம்மா."

அதற்குமேல் யாரும் நேரம் பற்றிப் பேசவில்லை. ஒச்சாயி சொன்னாள், தௌபிக் அடித்தார். அவளுடைய சொல்லே வரவேண்டும் என்று சாமியாத்தாள் இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார். தமிழிலேயே ஒரு பக்கம் வந்தது. அதை நிதானமாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒச்சாயி தலையசைத்தாள்.

"இப்ப சத்தியம் பண்ணணும். சட்டப்படி ரெண்டு வழி. சாமி பேரால சொல்லலாம், இல்லைன்னா உளமார உறுதின்னு சொல்லலாம்."

"சாமிய இழுக்க வேணாம் தாயி. எம் புள்ள கை மேல சொல்றேன்."

அப்படி ஒரு சத்தியம் சட்டத்தில் இல்லை. 'உளமார உறுதி' என்று எழுதிக்கொண்டார். ஒச்சாயியின் ரேகை விழுந்தது. முத்திரையை அழுத்தி, பதிவேட்டில் எழுதி, குறிப்புக்கான இடத்தில் 'ராகு காலத்தில்' என்றும் சேர்த்தார்.

"ஜும்மா தொழுகைக்குப் போற வழிதானுங்கம்மா. நானே ஆட்டோவுல கொண்டுபோய் ஆஸ்பத்திரில விட்டர்றேன்" என்று தௌபிக் எழுந்தார்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் செல்வக்குமார் வந்தான். கையில் ஒரு பேக்கரிப் பொட்டலம். வெறும் பெஞ்சைப் பார்த்தான்.

"எங்கீங்கம்மா அவங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

"யாரைக் கேட்டுங்க போனாங்க?"

"யாரைக் கேக்கோணும்? அவங்க என்ன உங்க மில்லு நூல்கண்டா, டெலிவரி சலான் போட்டு எடுத்துட்டுப் போறதுக்கு?" சாமியாத்தாள் அவன் காகிதத்தை நீட்டினார். "இந்தாங்க. இதுல முத்திரை வைக்கறதுக்கில்லீங்க. அந்தம்மா வேற வாக்குமூலம் குடுத்திருக்காங்க. அதுல வெச்சாச்சு."

அவன் காகிதத்தை வாங்கி மடித்தான். "எப்பங்க வெச்சீங்க?"

"இப்பத்தான். பதினொண்ணரை இருக்கும்."

"ராகு காலத்துலயா?" என்று கேட்டான். பொய்ப் பத்திரம் பிடிபட்டதற்கு வராத நடுக்கம் அப்போது அவன் குரலில் வந்தது. "ஏனுங்கம்மா, படிச்சவங்க நீங்க. ராகு காலத்துல போய்... அது வெளங்குமாங்க?"

"உங்களுக்கு வெளங்காதுங்க" என்றார் சாமியாத்தாள்.

படியில் இறங்கும்போது திரும்பி நின்று, "உங்க லைசென்சு ரினீவலுக்கு வருதாமுங்களே. பாத்து இருந்துக்குங்க" என்று மரியாதை குறையாமல் மிரட்டிவிட்டுப் போனான்.

வெறும் மிரட்டல் இல்லை அது. ஒருதரப்பாக நடந்துகொண்டார் என்று மேலே புகார் போயிற்று. விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில் பதினாறு வயதைப் பற்றியோ அழுகிய கையைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. பதிவேட்டில் 'ராகு காலத்தில்' என்று எழுதியது ஏன் என்றுதான் கேட்டிருந்தார்கள். 'ஏஜென்ட் அந்த நேரத்தில் மட்டுமே வெளியே போயிருந்தார்' என்று பதில் எழுதினார் சாமியாத்தாள். உரிமம் புதுப்பிக்கப்படாமல் சில மாதம் முத்திரை அலமாரிக்குள் கிடந்தது. வக்கீல் வேலை பார்த்துச் சாப்பிட்டார். பிறகு புதுப்பித்து வந்தது.

முத்துப்பேச்சிக்கு இரண்டு விரல் போயிற்று. கை பிழைத்தது. ஆஸ்பத்திரிப் பதிவில் 'ஆலை இயந்திரத்தில் அடிபட்டது' என்ற வரி ஏறிவிட்டதால் அதை எந்த முதலாளியாலும் அழிக்க முடியவில்லை. வழக்கு நடந்தது. நம் நாட்டு வழக்கு எப்படி நடக்குமோ அப்படி, நொண்டி நொண்டி நடந்தது. ஆனால் அதிகாரிகள் அந்த விடுதிக்குள் போய் வயதை விசாரித்தபோது, ஒச்சாயியின் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ பிள்ளைகள் திரும்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு சாமியாத்தாளின் பலகைக்குக் கீழே சின்னப் பலகை ஒன்று தொங்கியது: 'ஞாயிறு மாலை ராகு காலத்தில் எந்தக் காகிதமும் இலவசமாக வாசித்துக் காட்டப்படும்.' பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் விடுமுறை. நாலரை மணியிலிருந்து ஆறு மணிவரை வேறு எந்த வாடிக்கையாளரும் படியேற மாட்டார். அந்த நேரத்துக்குத் தையல்காரர்கள், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்கள், குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த விவசாயிகள், தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுப் பையன்கள் என்று வருவார்கள். மடியிலிருந்தும் சட்டைப்பையிலிருந்தும் வியர்வையில் நனைந்த காகிதங்கள் வெளிவரும். சாமியாத்தாள் வாசிப்பார், வரிக்கு வரி நிறுத்தி, "இது நெசமுங்களா?" என்று கேட்பார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் மாறுவதைத் தௌபிக் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைச் செய்ய வட்ட முத்திரை வேண்டியதில்லை. சட்டப் படிப்பும் வேண்டியதில்லை. இந்தக் கதையை இதுவரை படித்து வந்த உங்களுக்குப் படிக்கத் தெரியும், அது போதும். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர், உங்கள் தெருவில் கூலிக்குப் போகிறவர், உங்கள் கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பெண் ஆகியோரில் யாராவது ஒருவரிடம், அவர் ரேகை வைத்த அல்லது வைக்கப் போகிற ஒரு காகிதம் இருக்கும். இந்த வாரமே அதைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற சொல்லில் முழுதாக வாசித்துக் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, இது உண்மையா என்று அவரைக் கேளுங்கள்.